விருந்தாளிக்குப் பொறுக்கிய கடலை

ஜெசிந்தா மேடம் இறந்த செய்தி எனக்கு மலாவி நாட்டிலிருந்து வந்தது. திண்டுக்கல்லில் அவர் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். பால்காரருக்குத் தெரிந்திருந்தது, மருந்துக்கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. சாரலுக்காக ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. ஆப்பிரிக்காவில் எங்களோடு சேர்ந்து வேலை செய்யும் கிரேஸ் பேசினார். "வேலு, உண்மையா?" என்றார். எது உண்மையா என்று கேட்டேன். மேடத்தின் மகள் எங்கள் ஆய்வுக் குழுவுக்கு அனுப்பியிருந்த செய்தியை அவரே எனக்குப் படித்துக் காட்டினார். படித்து முடித்ததும் அழ ஆரம்பித்துவிட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, குடையை மறந்து ஓடினேன்.

துக்க வீட்டில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெளியே பந்தலில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் என் காதருகே குனிந்து, "சார், இம்புட்டு வருசமா அந்தக் கடலை விஷத்தோடயே கெடந்தாகளே, அதுதேன் ஈரலப் பிடிச்சிருச்சா?" என்று கேட்டார். இல்லை, மாரடைப்பு, மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார் என்றேன். அவர் நம்பவில்லை. அடுத்து வந்தவரும் அதையே கேட்டார். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னா, தெரிஞ்சதைச் சொல்லும்போது எவனும் நம்ப மாட்டான்" என்பது மேடம் அடிக்கடி சொல்வது. அதனால் அவரை அறிந்த எல்லோருக்கும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அவரைக் கடலை கொல்லவில்லை. கடலையால் பிறருக்கு என்ன ஆகுமோ என்ற கவலை மட்டும் கடைசி நாள்வரை அவரைவிட்டுப் போகவில்லை.

அந்தக் கவலை என்னவென்று தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் ஒருவகைப் பூஞ்சாணம் பிடிக்கும். மண்ணிலேயே இருப்பதுதான் அது. பயிர் தண்ணீரில்லாமல் வாடி நிற்கும்போது உள்ளே நுழையும். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் பெருகும். அது கக்கும் நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. வறுத்தாலும் அவித்தாலும் முழுதாகப் போகாது. சாப்பிட்டவர் அன்றைக்கே சாய்ந்துவிட மாட்டார். வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஈரலைத் தின்னும். பிள்ளைகள் வளராமல் போவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று பல நாட்டு ஆய்வாளர்கள் அஞ்சுகிறார்கள்.

மேடம் பயிர்நோய் படித்தவர். வெளிநாட்டில் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். மலாவியில் கிரேஸ், நெதர்லாந்தில் ஓர் ஆய்வகம், இங்கே வேடசந்தூர் சாலையில் ஒரு வாடகைக் கட்டடத்தில் நாங்கள் என்று மூன்று இடமும் சேர்ந்த கூட்டு வேலை அது. நான் வேதியியல்காரன், நஞ்சை அளப்பது என் பொறுப்பு. என் சொந்த ஊர் எரியோடு பக்கம் என்பதால் சம்சாரிகளிடம் பேசி ஆய்வுக்குக் கடலை வாங்கி வருவதும் என் தலையில் விழுந்தது.

அவரோடு பழகியவர்கள் ஒன்றை ஒப்புக்கொள்வார்கள். விருந்து வீட்டில் அவர் பக்கத்தில் உட்கார யாருக்கும் துணிச்சல் இருக்காது. கடலை மிட்டாயை வாயில் போடுவதற்கு முன்னால் உடைத்து உள்ளே பார்ப்பார். தன்னுடையதை மட்டுமல்ல, பக்கத்து இலையில் இருப்பதையும் பார்ப்பார். "மேடம், நீங்க வந்துட்டுப் போனா சமையக்காரருக்குக் காய்ச்சல் வந்துடுது" என்று ஒருமுறை கேலி செய்தேன். "வரட்டும். சமையக்காரர் பயந்தாத்தான் சாப்பிடுறவன் பயப்படாம இருக்கலாம்" என்றார். ஆறுதல் சொல்லவும் அவருக்கு வராது. பயத்தை அப்படியே நம் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

முதல் பருவத்தில் நாங்கள் வாங்கி வந்த கடலை எல்லாம் சுத்தமாக இருந்தது. திரும்பத் திரும்ப அளந்தும் ஒன்றும் இல்லை. நெதர்லாந்து ஆய்வகத் தலைவர் வாழ்த்துச் சொன்னார். உங்கள் பகுதி பாதுகாப்பானது என்று அறிக்கையில் எழுதிவிடலாம், கருவிகளைத் தேவையுள்ள வேறு இடத்துக்கு அனுப்பிவிடலாம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஊர்க் கடலை என்றால் சும்மாவா என்று எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். மேடம் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

"வேலு, ஆவணி பூராவும் காய்ஞ்சது. ஐப்பசியில ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சு. இதுக்கு மேல அந்தப் பூஞ்சாணத்துக்கு என்ன சௌகரியம் வேணும்? ஒண்ணுமே இல்லைன்னா எனக்குப் பயமா இருக்கு" என்றார். வாழ்த்துச் சொன்னவரிடமும், பாதுகாப்பு என்ற சொல்லை இப்போதைக்கு எங்கேயும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கும்தான்.

முடிச்சை அவிழ்த்தது கிரேஸ். ஒரு நாள் மூவரும் காணொளியில் பேசிக்கொண்டிருந்தபோது, "நீங்கள் வருவது அந்த வீட்டாருக்கு முன்கூட்டியே தெரியுமா?" என்று கேட்டார். "தெரியாமல் எப்படி? முதல் நாளே போன் செய்து சொல்லிவிட்டுத்தான் போவோம்" என்றேன். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வீட்டுக்குள் போய் நிற்பது எங்கள் பக்கம் மரியாதையா? கிரேஸ் சிரித்தார். "எங்கள் ஊரிலும் அப்படித்தான். கடலை கேட்டு நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்தால் என் அம்மா விடியற்காலையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைப்பார். சுருங்கின பருப்பை விருந்தாளி கையில் கொடுத்தால் ஊர் சிரிக்காதா?"

மேடமும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். "அப்ப பொறுக்கிப் போட்டதெல்லாம் எங்க, வேலு?" என்றார். எனக்குப் பதில் தெரியும். அந்த வீடுகளில் வளர்ந்தவன் நான். தெரிந்தும் அதுவரை அது எனக்கு ஒரு பதிலாகவே தோன்றவில்லை.

மறுநாள் சொல்லாமல் போனோம். முதலில் என் அக்கா பேச்சியம்மாள் வீட்டுக்கு. சொந்தத் தம்பி என்றால் நாலு திட்டோடு போய்விடும் என்று நினைத்தேன். அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "ஏலே, ஒரு வார்த்த சொல்லிட்டு வரக் கூடாதா? டாக்டரம்மாவக் கூட்டியாந்திருக்க, வீடு கெடக்குற கெடையப் பாரு!" பிறகு மேடத்தைப் பார்த்து, "செத்த நேரம் உக்காருங்கம்மா, கடலையப் பொறுக்கித் தாரேன்" என்று முறத்தை எடுத்தாள்.

"பொறுக்க வேண்டாம்க்கா. இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்று கேட்டார் மேடம்.

"சோறும் கடலைத் தொவையலுந்தேன்."

"எனக்கும் கொஞ்சம் போடுங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். "ஐயோ, அது ஒங்களுக்குக் குடுக்குற கடலையில அரைச்சதில்லம்மா."

"பின்ன?"

"அது எங்களுக்குள்ளது" என்றாள் அக்கா. அதில் மறைக்க என்ன இருக்கிறது என்ற தோரணையில் சொன்னாள். நல்ல பருப்பு வியாபாரிக்கு, அடுத்தது விதைக்கு, பொறுக்கியெடுத்த முத்து விருந்தாளிக்கு. மிஞ்சுவது வீட்டுக்கு. நல்ல குடும்பப் பெண் என்று பெயரெடுத்த எவளும் எங்கள் பக்கம் அப்படித்தான் செய்வாள்.

அடுப்படி மூலையில் ஓர் உரச்சாக்கு இருந்தது. மேடம் கையை உள்ளே விட்டு அள்ளினார். சூம்பிப்போன பருப்பு, கறுத்த பருப்பு, தொட்டால் பச்சையாகத் தூள் ஒட்டும் பருப்பு. பக்கத்தில் அக்காவின் பேத்தி தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது. "பால்வாடி போறியா, கண்ணு?" என்று கேட்டார் மேடம். "ரெண்டாப்புப் படிக்கிதும்மா" என்றாள் அக்கா. மேடத்தின் முகம் மாறியது. ஜீப்பில் ஏறியதும் என்னிடம், "அந்தப் பிள்ளை வளராததுக்குக் கடலைதான் காரணம்னு நீங்களும் நானும் சொல்லக் கூடாது. நமக்குத் தெரியாது" என்றார். சொன்னாரே தவிர, ஊர் வரும்வரை அந்தக் கைப்பிடிக் கடலை இருந்த பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

ஆய்வகத்தில் அதை அரைத்து, சாற்றைத் தகட்டில் பொட்டாக வைத்துப் பிரித்து, அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கைப் போட்டேன். நஞ்சு இருந்தால் நீலமாக ஒளிரும். ஒளிர்ந்தது. அப்படி ஒரு ஒளிர்வை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. திருவிழா சீரியல் செட் போல அவ்வளவு அழகாக இருந்தது. என் அக்கா கையால் எத்தனை வருடம் தின்றிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

அதன் பிறகு மற்ற வீடுகளுக்கும் முன்னறிவிப்பில்லாமல் போனோம். பெரும்பாலான வீடுகளில் அதே சாக்கு, அதே நீலம். மலாவியில் கிரேஸும் அப்படியே போய்ப் பார்த்தார். அங்கேயும் அதே கதை. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மரியாதை தெரிந்த பெண்கள் நல்லதை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, நஞ்சைத் தங்கள் பிள்ளைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கருவிகளை அனுப்பும் பேச்சு நின்றது. நெதர்லாந்துக்காரர் மேடத்திடம் மன்னிப்புக் கேட்டார். அதைக் கேட்கும் நிலையில் மேடம் இல்லை.

ஏனென்றால் அதற்குள் இன்னொரு உரையாடல் நடந்துவிட்டது. அக்கா வீட்டுக்கு முடிவைச் சொல்லப் போயிருந்தோம். "இத வீட்டுல வைக்காதீங்க" என்றார் மேடம்.

"மாட்டுக்கு வைக்கலாமாம்மா?"

"வேண்டாம்க்கா, பால்ல வந்துடும்."

"கோழிக்கு?"

"வேண்டாம்."

அக்கா சாக்கைப் பார்த்தாள். "வெளஞ்சதுல பாதி இதுதேன். ரேசன் அரிசி வயித்த நெறைக்கும். பிள்ளைக்குச் சத்துன்னா இந்தக் கடலையும் மாட்டுப்பாலுந்தேன். ரெண்டையும் வேணாங்கிறீக. அதுக்கு நீங்க மழையத்தேன் வேணாங்கணும்."

கோபமாகச் சொல்லவில்லை, ஒரு நியாயத்தைச் சொல்வதுபோல்தான் சொன்னாள். திரும்பி வரும்போது வேடசந்தூர் தாண்டியதும் மேடம், "பசிக்கிறவங்ககிட்ட 'திங்காதே'ன்னு மட்டும் சொல்லிட்டு வர்றதுக்கு மூணு நாட்டு விஞ்ஞானிங்க எதுக்கு, வேலு?" என்று கேட்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

மண்ணைக் கிளற ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். நஞ்சு கக்கும் பூஞ்சாணத்துக்கு நஞ்சு கக்காத பங்காளிகள் உண்டு. பயிர் நிற்கும்போதே அந்தச் சாதுவான பங்காளியை நிறையத் தூவிவிட்டால், அது இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை அண்டவிடாது. கிரேஸின் வயல்களில் அது நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. ஆனால் அங்கே இருப்பதை அள்ளி வந்து இங்கே கொட்ட முடியாது. அந்தந்த மண்ணில் பிறந்ததைத்தான் தேட வேண்டும். மேடம் தேடினார். பழனி பக்கம் கீரனூர் வரைக்கும் போய் மண் எடுத்தார். கடைசியில் எரியோட்டு மண்ணிலேயே ஒன்று கிடைத்தது. கிரேஸ் அதை அங்கேயிருந்தபடியே எப்படிச் சோதிப்பது என்று சொல்லிக்கொடுக்க, நெதர்லாந்தில் அதன் மரபணுவைப் படித்தார்கள். நல்லதாகத்தான் தெரிந்தது. அதைக் காட்டில் தூவ அரசு அனுமதி மட்டும் வரவேண்டும். அது ஆமை வேகத்தில் நகர்ந்தது.

எனக்குப் பொறுமை இல்லை. "அக்கா காட்டுல மட்டும் தூவிடுவோம் மேடம். யாருக்குத் தெரியப் போகுது? அந்தப் பிள்ளை இந்த வருசமும் அதையேதான் திங்கும்" என்றேன். மேடம் என்னை அப்படி முறைத்ததே இல்லை. "தூவினதைத் திரும்ப அள்ள முடியுமா? மண்ணுக்குள்ள போய் நாளைக்கு அது என்ன பண்ணும்னு முழுசாத் தெரியுமா உங்களுக்கு? உங்க அக்கா நம்மளை நம்புறாங்க. நம்புறவங்க காட்டுலதான் பரிசோதனை பண்ணுவீங்களா?" என்றார். நான் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனேன். சில நாட்கள் பேசிக்கொள்ளவில்லை. அவர் சொன்னதுதான் சரி. ஆனாலும் உண்மையைச் சொன்னால், அந்தக் கோபம் இன்னும் எனக்கு முழுதாகத் தீரவில்லை. இறந்தவர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். மேடம் அப்படி நினைக்கிற ஆள் இல்லை.

இந்த ஆண்டும் பயிர் காய்ந்தது. அறுவடை நேரத்தில் ஒரு பிற்பகல் இருவரும் ஆய்வக வாசலில் நின்றுகொண்டிருந்தோம். சிறுமலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பிடுங்கிப் போட்ட கடலைச் செடி காடெல்லாம் கிடந்தது. "மழைக்கு ஏங்கின ஊரு வேலு இது. இப்ப அது வர்றதைப் பார்த்தா வேண்டாம்னு சொல்லத் தோணுது" என்றார். முதல் துளி விழுந்ததும் உள்ளே போய்விட்டார். நான் அவரை உயிரோடு கடைசியாகப் பார்த்தது அப்போதுதான். அந்த மழை விடவே இல்லை. மழைக்குள்ளேயே அவர் போய்ச் சேர்ந்தார்.

அவருக்கான நினைவுத் திருப்பலி முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா அழுதாள். அடுப்படி மூலையைப் பார்த்தேன். சாக்கு இல்லை. பேத்தி தட்டில் அவித்த முட்டை இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மேடம், பார்த்தீர்களா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"கடலை எங்கக்கா?"

"டாக்டரம்மா வாக்குப் பொய்யாப் போகலாமா அப்பு? ஒரு மணி வீட்டுல வைக்கல."

"கொட்டிட்டியா?"

"கொட்டவா? நல்லதோட கலந்து யாவாரிகிட்டப் போட்டுட்டேன். மழைக் கடலைதானேன்னு அவரும் பெருசாக் கண்டுக்கல. ஊரே அப்படித்தேன் போட்டுச்சு. அதுல வந்ததுலதேன் பிள்ளைக்கு முட்டை."

பெருமையாகச் சொன்னாள். பேத்தி மஞ்சள் கருவைத் தனியாக எடுத்துவைத்துக் கடைசியில் தின்றது. நான் எதைச் சொல்லி அக்காவைத் திட்டுவது? நாங்கள் சொன்னதை ஊரே கேட்டிருந்தது. நஞ்சு ஊரைவிட்டுக் கிளம்பிச் சந்தைக்குப் போயிருந்தது.

கிரேஸிடம் சொன்னேன். மேடத்துக்கு இது தெரியாமல் போனதே நல்லது என்றேன். கிரேஸ் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "தெரிந்திருந்தால் மறுநாளே கடலைச் சந்தையில் போய் நின்றிருப்பார். இப்போது நீங்கள் போக வேண்டும், வேலு. நானும் இங்கே போகிறேன்" என்றார். போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மேடத்தின் நுண்ணோக்கி ஆய்வகத்தில் இருக்கிறது. அவர் தேடிப் பிடித்த பூஞ்சாணம் உறைபெட்டியில் அனுமதிக்காகக் காத்திருக்கிறது. அவை குழுவுக்குச் சொந்தம். எனக்கென்று அவர் விட்டுப்போனது அவருடைய பயம் ஒன்றுதான். அது என்னிடம் வந்து சேர்ந்ததை கிரேஸிடம் பேசிய மறுநாள் காலையில் தெரிந்துகொண்டேன்.

இட்லிக்குச் சந்தையில் வாங்கிய நிலக்கடலையில் சட்னி அரைத்திருந்தார்கள். என் மகள் கரண்டியை எடுத்தாள். என் கை தானாகப் போய்க் கிண்ணத்தை மூடியது. "என்னப்பா?" என்றாள். "பொடி வச்சுக்கம்மா" என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு, பொடியில் எண்ணெயைக் குழைத்துத் தொட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று பார்த்தேன். தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார்கள்.